சாதி × வறுமை × ஊர்: பெருக்கல் உறுப்பு ‘இல்லை’ என்றால் குறுக்குவெட்டும் இல்லையா?

மருதம்

என்.எஃப்.எச்.எஸ்.-5 (தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019–21) தரவு, தமிழ்நாடு, 15–49 வயதுப் பெண்கள், விளைவு ரத்தசோகை. பலரும் செய்வது இதுதான்: லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் (நோய் உண்டா, இல்லையா என்பதைக் கணிக்கும் புள்ளியியல் மாடல்) சாதி (தரவில் மாறியின் பெயர் எஸ்116), செல்வக் குறியீடு (வி190), நகரம்/கிராமம் (வி025) மூன்றையும் போடுவார்கள். பிறகு சாதி × செல்வம் என்று ஒரு பெருக்கல் உறுப்பை (இன்டராக்ஷன்) சேர்ப்பார்கள். அதன் பி-மதிப்பு 0.05-ஐத் தாண்டினால் ‘குறுக்குவெட்டு விளைவு (சாதி, வறுமை போன்றவை ஒருவரிடம் சேரும்போது உண்டாகும் தனி விளைவு) காணப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள்.

இந்த வரி செல்லுமா? செல்லாதென்றால் வேறு என்ன செய்வது? இன்னொன்று: பழங்குடிப் பெண்கள் மாதிரியில் மிகக் குறைவு. செல்வத்தாலும் ஊராலும் பிரித்தால் சில கட்டங்களில் பத்துப் பேர்கூடத் தேறமாட்டார்கள். அந்தக் கட்டங்களை எப்படிக் கையாள்வது?

கணக்குப்பிள்ளை

செல்லாதுங்க. முதல் சிக்கல் அளவுகோல். நாலு எண் வச்சுப் பார்ப்போம். இது நிஜத் தரவு இல்ல, கணக்குக்காக எடுத்தது. ரத்தசோகை விகிதம்:

வசதியான முற்பட்டோர் 40%
வசதியான பட்டியல் சாதியினர் 48%
ஏழை முற்பட்டோர் 50%
ஏழைப் பட்டியல் சாதியினர் 60%

கூட்டல் கணக்கு: சாதியால 8 புள்ளி, வறுமையால 10 புள்ளி. ரெண்டும் சேர்ந்தா 58% வரணும். வந்தது 60%. ஆக 2 புள்ளி கூடுதல் சுமை இருக்கு.

ரிஸ்க் ரேஷியோ (ஒரு குழுவோட விகிதத்தை இன்னொரு குழுவோடதால வகுக்கிறது) கணக்கு: 1.2 × 1.25 = 1.5. 40%-ஐ 1.5-ஆல பெருக்கினா சரியா 60%. ஆக ‘இன்டராக்‌ஷன் இல்லை’.

ஆட்ஸ் ரேஷியோ (நோய் உள்ளவங்க ÷ இல்லாதவங்கன்னு வர்ற எண்ணை ஒப்பிடுறது) கணக்கு: 1.38, 1.5, ரெண்டும் சேர்ந்தவங்களுக்கு 2.25. பெருக்குத்தொகை 2.08. ஆக 1.08 மடங்கு கூடுதல்.

அதே நாலு எண்தான். மூணு அளவுகோல் மூணு பதில் சொல்லுது. லாஜிஸ்டிக்ல நீங்க போடுற பெருக்கல் உறுப்பு இதுல மூணாவதை மட்டும்தான் பார்க்கும். பொதுச் சுகாதாரத்துக்கு வேண்டியது முதலாவது. எந்தக் குழுவுல கூடுதலா எத்தனை பேர் நோயாளி ஆகுறாங்கங்கிறதைச் சொல்றது அதுதான்.

ரெண்டாவது சிக்கல்: கூட்டல் இன்டராக்‌ஷனுக்கு ரெரி (RERI) அப்படின்னு, கூட்டலுக்கு மேல வர்ற அபாயத்தைச் சொல்ற ஒரு அளவு உண்டு. சேர்ந்த ரிஸ்க் ரேஷியோவுல இருந்து தனித்தனி ரெண்டையும் கழிச்சு 1 கூட்டணும். மேல உள்ள எண்ணுக்கு 1.5 − 1.2 − 1.25 + 1 = 0.05. இதையே ஆட்ஸ் ரேஷியோவை வச்சுப் போட்டா 2.25 − 1.38 − 1.5 + 1 = 0.37. ஏழு மடங்குக்கு மேல ஊதிடுச்சு. நோய் அரிதா இருந்தா ஆட்ஸும் ரிஸ்க்கும் கிட்டத்தட்ட ஒண்ணு. இந்தியப் பெண்கள்ல ரத்தசோகை 57%, தமிழ்நாட்டுல 53%. இங்க ஆட்ஸ் ரேஷியோவை ரிஸ்க் ரேஷியோவா வாசிக்கவே கூடாது. ரோபஸ்ட் பிழையோட பாய்சான் மாடல் (ரிஸ்க் ரேஷியோவை நேராத் தர்றது) போடுங்க. இல்லன்னா லாஜிஸ்டிக் போட்டுட்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் கணிச்ச விகிதத்தை எடுத்துக் கழிங்க. நம்பக இடைவெளிக்கு பூட்ஸ்ட்ராப் (தரவுல இருந்தே திரும்பத் திரும்ப மறுமாதிரி எடுக்கிறது) பண்ணுறப்ப ஆளை ஆளா எடுக்காதீங்க, மாதிரிக் கொத்தை (கணக்கெடுப்புக்குத் தேர்ந்த ஊர்/பகுதி, வி021) முழுசா எடுங்க. ஆளா எடுத்தா இடைவெளி பொய்யாச் சுருங்கிடும்.

மூணாவது, மாதிரி அளவு. முதன்மை விளைவைக் கண்டுபிடிக்கப் போதுமான மாதிரி, அதே அளவு இன்டராக்‌ஷனைக் கண்டுபிடிக்கப் பத்தாது. சுமார் நாலு மடங்கு வேணும். ‘பி 0.05-க்கு மேல’ன்னா பல நேரம் ‘ஆள் பத்தல’ன்னு அர்த்தம்.

எதிர்க்கேள்வி

மூன்று அளவுகோல், மூன்று பதில். அப்படியானால் வேண்டிய பதிலைத் தரும் அளவுகோலைத் தேடி எடுத்துக்கொள்ளலாம், இல்லையா? இந்தக் குறுக்குவெட்டுக் கோட்பாட்டின் மேல் எனக்கு இருக்கும் சந்தேகமே அதுதான். முடிவை முதலில் வைத்துக்கொண்டு எண்ணைத் தேடுகிறார்கள். ‘தலித் பெண்ணின் ஆயுட்காலம் 14.6 ஆண்டு குறைவு’ என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, அது என்ன கணக்கு?

வேப்பமரம்

அளவுகோலைத் தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். கூட்டல், பெருக்கல் ஆகிய இரண்டு அளவுகோலிலும் வந்த முடிவை வெளியிட வேண்டும். முறையியல் ஆட்கள் இதைப் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள். அதைச் செய்யாதது கோட்பாட்டின் குற்றமில்லை.

14.6 விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கையில் அந்த எண் இருக்கிறது. ஆனால் அது ஆயுட்கால எதிர்பார்ப்பு அல்ல, இறந்தவர்களின் சராசரி வயது: 39.5-க்கும் 54.1-க்கும் உள்ள வித்தியாசம். குழந்தைகள் அதிகமாகவும் முதியவர்கள் குறைவாகவும் உள்ள ஒரு சமூகத்தில், வயதுவாரி இறப்பு விகிதம் மற்றவர்களுக்குச் சமமாகவே இருந்தாலும் இறந்தவர்களின் சராசரி வயது குறைவாகத்தான் வரும். மக்கள்தொகையின் வயது அமைப்பும் இறப்பு அபாயமும் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கின்றன. வாழ்க்கை அட்டவணை (வயதுவாரி இறப்பு விகிதத்திலிருந்து ஆயுட்காலத்தைக் கணக்கிடுவது) போட்டால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

அட்டவணை போட்டுச் செய்த வேலையும் உண்டு. 2010–11 ஆண்டுச் சுகாதாரக் கணக்கெடுப்பை வைத்து ஒன்பது மாநிலங்களுக்குக் கணக்கிட்டு 2022-இல் வெளியானது: உயர்சாதி இந்துக்களோடு ஒப்பிட்டால் ஆதிவாசிகளுக்கு 4 ஆண்டுகளுக்கு மேல் குறைவு, தலித்துகளுக்கு 3 ஆண்டுகளுக்கு மேல், முஸ்லிம்களுக்குச் சுமார் 1 ஆண்டு. இந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவானதைத்தான் பொருளாதார நிலை விளக்குகிறது. இதை மேற்கோள் காட்டினால் யாரும் அசைக்க முடியாது. 14.6-ஐ ஆயுட்காலம் என்று சொன்னால், புள்ளியியல் தெரிந்த ஒருவர் எழுந்து கேட்ட நொடியில் மொத்த வாதமும் போய்விடும்.

மருதம், உங்கள் முதல் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் குறுக்குவெட்டு என்ற கருத்தை வைத்தபோது அவர் எடுத்துக்கொண்டது ஒரு வழக்கு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்தது, 1976-இல் தீர்ப்பானது. 1964-க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பின்னால் ஆட்குறைப்பு வந்தபோது ‘கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே’ என்று பணிமூப்பு விதியைப் பிடித்தார்கள். 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் வெளியேறினார்கள். நீதிமன்றம் என்ன சொன்னது? பெண்கள் வேலையில் இருக்கிறார்களே, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால் அதைத் தனி வழக்காகப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு வகையை உருவாக்க முடியாது. வேலையில் இருந்த பெண்கள் வெள்ளையர்கள் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

இந்த வழக்கில் எங்கேயும் பெருக்கல் உறுப்பு இல்லை. ஒரு விதி (பணிமூப்பு), ஒரு வரலாறு (1964 வரை மூடிய கதவு), இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட குழுவின் மேல் விழுந்தது. சுகாதார ஆய்விலும் தேட வேண்டியது அந்த விதியையும் வரலாற்றையும்தான். கூட்டலாகவே சுமை வந்தாலும், ஏழைப் பட்டியல் சாதிப் பெண்தான் 60%-இல் நிற்கிறார். ‘இன்டராக்‌ஷன் இல்லை’ என்ற வரி அவரை மறைக்கிறது.

எதிர்க்கேள்வி

ஆயுட்காலக் கணக்குக்கு நன்றி, அதை ஏற்கிறேன். ஆனால் ‘இரட்டைச் சுமை’ என்பதை விதியாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை ஏற்கவில்லை. இந்திய முஸ்லிம்கள் சராசரியாக இந்துக்களைவிட ஏழைகள், படிப்பும் குறைவு. ஆனாலும் அவர்களின் குழந்தைகள் முதல் பிறந்தநாளைத் தாண்டும் வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கிறது. 2010-இலேயே இதைப் புதிர் என்று எழுதினார்கள். சுமைகளைக் கூட்டிக்கொண்டே போகும் கோட்பாடு இதற்கு என்ன சொல்கிறது?

வேப்பமரம்

கூட்டிக்கொண்டே போவதை எதிர்த்துத்தான் இந்தக் கோட்பாடே வந்தது. முஸ்லிம் குழந்தைகள் விஷயத்தில் பின்னர் வந்த ஆய்வு கழிப்பறையைச் சுட்டியது. முஸ்லிம் குடும்பங்கள் திறந்தவெளியில் மலம் கழிப்பது குறைவு, அவர்கள் வாழும் தெருக்களில் அக்கம்பக்கத்தவரும் பெரும்பாலும் முஸ்லிம்களே. குழந்தைக்குக் கிடைத்த பாதுகாப்பு தன் வீட்டுக் கழிப்பறையால் மட்டும் வந்ததல்ல, பக்கத்து வீட்டுக் கழிப்பறையாலும் வந்தது. வேண்டாத இடத்தில் ஒதுக்கிவைத்த குடியிருப்பு இந்த ஒரு விஷயத்தில் குழந்தையைக் காத்திருக்கிறது. வேலை, கடன், ஆஸ்பத்திரி தூரம் போன்றவற்றில் அதே ஒதுக்கம் கெடுக்கிறது. மதம் × குடியிருப்பு என்ற குறுக்குவெட்டைப் பார்க்காமல் இதை விளக்கவே முடியாது.

இன்னொரு எடுத்துக்காட்டு, கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டம். கீதா சென், அதிதி ஐயர் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு. நீண்டநாள் நோய்க்குச் சிகிச்சை பெறுவதில் வசதியான ஆண் மேலே, ஏழைப் பெண் கீழே; இது யாரும் ஊகிப்பது. அவர்கள் கவனித்தது நடுவில் இருப்பவர்களை: ஏழை ஆணும் வசதியான பெண்ணும். ஏழை ஆண் பாலினத்தை வைத்துச் சிகிச்சையைப் பிடித்துக்கொள்கிறார், வசதியான பெண் வர்க்கத்தை வைத்து. சராசரி எடுத்தால் இந்த இருவரும் ஒருவரை ஒருவர் அழித்துவிடுவார்கள், நமக்கு ஒன்றும் தெரியாது.

மருதம்

மேடம், கணக்குப்பிள்ளை சார், இருவருக்கும் நன்றி. மைடா என்ற முறையைப் பலர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுத் தரவுக்கு அதைப் படிப்படியாக எப்படிப் போடுவது?

கணக்குப்பிள்ளை

மைடான்னா (MAIHDA) பல அடுக்கு மாடலைக் கொஞ்சம் வேற விதமாப் பயன்படுத்துறது. வழக்கமா மாணவர்கள் பள்ளிக்குள்ள இருப்பாங்க. இங்க ஆட்கள் சமூகக் கட்டத்துக்குள்ள இருக்காங்க. 2018 வாக்குல கிளேர் எவன்ஸ், ஹுவான் மெர்லோ கட்டுரைகளுக்கு அப்புறம் பரவினது.

கட்டம் போடுறது: சாதி 4 × செல்வம் 5 × ஊர் 2 × கல்வி 3 = 120 கட்டம். தமிழ்நாட்டுக்கு இது ரொம்ப அதிகம். தேசிய அளவுல போட்ட ஐந்து அடுக்குல தமிழ்நாட்டுக் கீழ் அடுக்கு மெலிஞ்சு கிடக்கும், நகரத்துல கிட்டத்தட்டக் காலி. மாநிலத்துக்குள்ள மதிப்பெண்ணை (வி191) எடுத்து மூணா வெட்டிக்கங்க. கல்வியை ரெண்டாக்குங்க. 4 × 3 × 2 × 2 = 48. இது தாங்கும்.

தரவைச் சுத்தம் பண்றப்ப: ஹீமோகுளோபின் வி456-ல தசமப் புள்ளி இல்லாம இருக்கும், 118-ன்னா 11.8 கிராம். 990-க்கு மேல வர்றதெல்லாம் ‘மறுத்தார்’, ‘வீட்டில் இல்லை’ மாதிரிக் குறியீடு. அதை எண்ணா எடுத்துட்டா சராசரி எங்கேயோ போகும். எஸ்116-ல ‘தெரியாது’ங்கிற 8-ஐ ‘முற்பட்டோர்’ல தள்ளாதீங்க. கர்ப்பிணிக்கு வெட்டுப்புள்ளி 11, மத்தப் பெண்களுக்கு 12. கர்ப்பம் கட்டத்துக்குக் கட்டம் வேறுபடும்கிறதால கர்ப்பிணிகளைத் தனியாப் போடுறது நல்லது.

முதல் மாடல்: கட்டத்துக்கு ரேண்டம் இடைவெட்டு (ஒவ்வொரு கட்டமும் பொதுச் சராசரியில இருந்து எவ்வளவு விலகுதுங்கிறது) மட்டும், வேற எதுவும் இல்ல. இதுல கிடைக்கிற கட்ட வேரியன்ஸை வச்சு வி.பி.சி. (மொத்த வேறுபாட்டுல கட்டங்களுக்கு இடையில உள்ள பங்கு) போடணும். லாஜிஸ்டிக்ல அது கட்ட வேரியன்ஸ் ÷ (கட்ட வேரியன்ஸ் + 3.29). உதாரணமா வேரியன்ஸ் 0.12 வந்தா 0.12 ÷ 3.41 = 3.5%.

இங்கதான் பலர் தடுமாறுவாங்க. ‘வெறும் 3.5%தானா, அப்ப சாதி ஒரு பொருட்டே இல்ல’ன்னு எழுதிடுவாங்க. அதுக்கு அர்த்தம் அது இல்ல. ஒரே கட்டத்துக்குள்ள பெண்ணுக்குப் பெண் வேறுபாடு ரொம்ப அதிகம், கட்டத்தை மட்டும் வச்சு ஒரு தனி ஆளுக்கு ரத்தசோகை இருக்கா இல்லையான்னு ஊகிக்க முடியாதுன்னுதான் அர்த்தம். கட்டங்களோட சராசரி 45%-ல இருந்து 62% வரைக்கும் விரிஞ்சிருந்தாலும் வி.பி.சி. இவ்வளவு சின்னதா வரலாம். இதுல இன்னொரு பயனும் இருக்கு: ‘இந்தச் சாதிக்காரங்களுக்கு மட்டும் பரிசோதனை போதும்’னு யாராவது திட்டம் போட்டா, வி.பி.சி. அதைத் தடுக்கும்.

ரெண்டாவது மாடல்: சாதி, செல்வம், ஊர், கல்வி நாலையும் முதன்மை விளைவா சேருங்க. கட்ட வேரியன்ஸ் 0.12-ல இருந்து 0.015-க்கு இறங்கிச்சுன்னா பி.சி.வி. (கட்ட வேரியன்ஸ் குறைஞ்ச சதவீதம்) 87.5%. கட்டங்களுக்கு இடையில உள்ள வேறுபாட்டுல பெரும்பகுதி கூட்டலாவே (லாகிட் அளவுல) வருது, மிச்சம் 12.5%தான் கட்டத்துக்கே உரியது. மிச்சத்துல எந்தக் கட்டம் இடைவெளியோட பூஜ்யத்தை விட்டு விலகி நிக்குதுன்னு பாருங்க.

இது சாதாரண ரிக்ரெஷனோட முதன்மை விளைவு மாதிரி இல்லைங்கிறதைக் கவனிங்க. சாதாரணமா அடிப்படைக் குழுவைப் பொறுத்து வாசிப்போம். மைடாவுல அது எல்லாக் கட்டத்துக்கும் பொதுவான சராசரி. 2020-ல இதை வச்சே பெரிய விவாதம் நடந்தது. ரெண்டையும் ஒரே அட்டவணையில பக்கத்துல பக்கத்துல போட்டு ஒப்பிடாதீங்க.

ரெண்டாவது மாடல்ல ஆர் மென்பொருள் ‘சிங்குலர்’னு எச்சரிக்கை கொடுத்து வேரியன்ஸ் பூஜ்யம்னு சொல்லும். சகஜம்தான். பேயசியன் முறைக்கு மாறுங்க, பூஜ்யத்துக்குப் பதிலா ஒரு இடைவெளி கிடைக்கும்.

எடைகள்: ஒரு மாநிலத்துக்குள்ள நிக்கிறப்ப தேசிய எடையைப் போடாதீங்க, மாநில எடை தனியா இருக்கு. பல அடுக்கு மாடல்ல எடையைக் கண்ணை மூடிட்டுப் போட்டா வேரியன்ஸ் பிசகும். மாதிரிக் கொத்தை இன்னொரு ரேண்டம் விளைவா குறுக்காச் சேர்த்து எடையில்லாம ஒரு தடவை, கட்ட விகிதங்களை மட்டும் எடையோட ஒரு தடவை போட்டு ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாருங்க.

மருதம்

சிறிய கட்டங்களை மைடா ‘சுருக்கிவிடும்’, அதனால் கவலை வேண்டாம் என்று சொல்கிறார்களே?

கணக்குப்பிள்ளை

சுருக்கும். அதுதான் கவலையும். ஹீமோகுளோபினை எண்ணாவே எடுத்துக்கிட்டு உதாரணம் போடுறேன். கட்ட வேரியன்ஸ் 0.06, ஆளுக்கு ஆள் வேரியன்ஸ் 2.9-ன்னு வைங்க. 500 பேர் உள்ள கட்டத்துல சொந்தத் தரவுக்கு 91% மதிப்பு. 20 பேர் உள்ள கட்டத்துல 29% மட்டும். மிச்சம் 71% மத்தவங்களோட சராசரியில இருந்து கடன் வாங்கினது. தற்செயலா வர்ற அதீத எண்ணைத் தடுக்க இது நல்லது. ஆனா அந்த 20 பேர் நிஜமாவே வேற மாதிரி இருந்தா, மாடல் அவங்களை எல்லாரையும் போல ஆக்கிடும். கட்டத்தோட ஆள் எண்ணிக்கையை அட்டவணையில கட்டாயம் போடுங்க.

தமிழ்நாட்டுல 2011 கணக்கெடுப்புப்படி பழங்குடியினர் 1.1%. என்.எஃப்.எச்.எஸ்.-5-ல தமிழ்நாட்டுப் பெண்கள் 25,650 பேர். அதே விகிதம்னு வச்சா 280 சொச்சம். 12 கட்டமாப் பிரிச்சா சராசரி 23. அதுலயும் நகரத்து வசதியான படிச்ச கட்டத்துல ஒண்ணு ரெண்டு பேர்தான் இருப்பாங்க. பழங்குடிக்கு மட்டும் கல்வியை விட்டுட்டு 6 கட்டமாக்குங்க. இல்லன்னா தென்மாநிலங்களைச் சேர்த்துப் போடுங்க.

ஆண்களையும் சேர்த்துப் பாலினக் குறுக்குவெட்டு போட நினைச்சா இன்னும் கஷ்டம். தமிழ்நாட்டுல ஆண்கள் 3,372 பேர்தான். அவங்களுக்கு வெட்டுப்புள்ளியும் வேற, 13.

வேப்பமரம்

தென்மாநிலங்களைச் சேர்ப்பதற்கு முன் ஒரு நிமிடம். ‘பழங்குடி’ என்ற ஒரே பெட்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள்? கல்வராயன், ஜவ்வாது மலைகளின் மலையாளிகள், சமவெளி இருளர், நீலகிரியின் பணியர், குறும்பர். நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாளணு (சிக்கிள் செல், ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரைக் கோளாறு) இருப்பது 1952-லேயே பதிவாகியிருக்கிறது. இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டதே அங்குதான். அரிவாளணு நோயால் வரும் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை தீர்வல்ல. சமவெளி இருளர் பெண்ணின் ரத்தசோகைக்குச் செங்கல் சூளையும் அரிசிக் கஞ்சியும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு ‘பழங்குடி, கிராமம், ஏழை: இத்தனை சதவீதம்’ என்றால் அந்த எண்ணை வைத்து ஒரு மருத்துவ அலுவலர் என்ன செய்வார்? சேர்ப்பதால் மாதிரி பெருகும், ஆனால் அர்த்தம் கரையும். என் வாக்கு, அங்கே எண்ணை நிறுத்திவிட்டுத் தனிக் களஆய்வுக்குப் போவதற்கே.

‘இதர பிற்படுத்தப்பட்டோர்’ பெட்டி இதைவிட மோசம். என்.எஃப்.எச்.எஸ். கேள்வி மத்திய அரசு வகைப்பாட்டில் இருக்கிறது, தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. இரண்டும் அந்த ஒரே பெட்டிக்குள். நிலவுடைமைச் சாதியும் மீனவர்களும் ஒட்டர்களும் ஒன்றாகக் கிடப்பார்கள். தமிழ்நாட்டு மாதிரியில் பெரும்பான்மை இந்தப் பெட்டிதான், ஆகவே இதன் சராசரியே மாநிலச் சராசரியாகிவிடும். பட்டியல் சாதிக்குள்ளும் அருந்ததியருக்கு 2009-இல் 3% உள்ஒதுக்கீடு கொடுத்தார்களே, அந்தப் பிரிவை எஸ்116 காட்டாது.

இன்னொரு பொறி, தலித் கிறிஸ்தவர்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்ந்தார்கள். மதம் மாறிய கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில். கேள்வி கேட்கும்போது சிலர் சான்றிதழைச் சொல்வார்கள், சிலர் சாதியைச் சொல்வார்கள். எனவே சாதி × மதம் கட்டத்தில் ‘கிறிஸ்தவர், இதர பிற்படுத்தப்பட்டோர்’ என்று வருபவர்களில் யார் எவர் என்று பிரிக்க முடியாது. தென்மாவட்டங்களுக்கு அந்தக் கட்டத்தை வைத்து முடிவு எழுதுவது ஆபத்து.

தேயிலைக்காடு

இலங்கையில் இருந்து ஒரு குறிப்பு. எங்கட குடிசன சுகாதார ஆய்வில் வதிவிடம் இரண்டு இல்லை, மூன்று: நகரம், கிராமம், தோட்டம். 2016 ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17.3%, தோட்டத்தில் 31.7%. வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் மற்ற நாட்டுத் தரவோடு சேர்ப்பதற்காகத் தோட்டத்தைக் கிராமத்துக்குள் போட்டுவிடுகினம். சனத்தொகையில் தோட்டத்துறை சின்னப் பங்கு என்றபடியால் அந்த 31.7 கிராமத்துச் சராசரிக்குள் காணாமல் போய்விடும்.

அந்த ‘தோட்டம்’ என்ற ஒரு சொல்லுக்குள் இனமும் வர்க்கமும் இடமும் சேர்ந்தே கிடக்கு. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் பிரஜாவுரிமையை எடுத்தது, பின்னால் வாக்கும் போனது, லயத்து வீடு (தொழிலாளரின் வரிசை வீடு) கொம்பனியின் பொறுப்பில், சுகாதாரமும் நீண்டகாலம் தோட்ட நிர்வாகத்தின் கையில். இதில் இனத்தைத் தனியாகவும் இடத்தைத் தனியாகவும் ‘கட்டுப்படுத்தி’ விளைவைப் பிரிக்கிறது சரிவராது. தோட்டத்துக்குள் சிங்களத் தொழிலாளர் கட்டமும் தோட்டத்துக்கு வெளியே மலையகத் தமிழர் கட்டமும் மெலிந்ததாகத்தான் இருக்கும். குடிசன மதிப்பீட்டில் மலையகத் தமிழர் பலர் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிவதும் உண்டு, ஆகவே இன மாறியை மட்டும் வைத்துத் தேடினாலும் பிசகும்.

நேரத்தொடரை ஒப்பிடுகிறவர்கள் இதையும் பாருங்கோ: 2006–07 ஆய்வில் வட மாகாணம் இல்லை, 2016-இல் இருக்கு.

எதிர்க்கேள்வி

தேயிலைக்காடு சொன்னதோடு சேர்த்து ஒரு சந்தேகம். செல்வக் குறியீடு வீட்டிலுள்ள பொருட்களை எண்ணிப் போடுவது: கலர் டிவி, மின்விசிறி, சைக்கிள், கணினி, இன்ன பிற. தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு அரசே கலர் டிவி கொடுத்தது. 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டரோடு மின்விசிறியும், மாணவர்களுக்கு லேப்டாப்பும் கொடுத்தது. பிளஸ் ஒன் மாணவர்களுக்குச் சைக்கிள். இந்தப் பொருட்களை வைத்து ஏழை, பணக்காரர் என்று பிரித்தால் என்ன பிரியும்? உங்கள் குறுக்குவெட்டில் ஒரு அச்சே ஆடுகிறது.

கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி. ஆடுது. அதுலயும் ஒரே பக்கமா ஆடுது: இலவசப் பொருள் கீழ் அடுக்கை மேல தள்ளுது, அதனால வறுமையோட விளைவு சின்னதாத் தெரியும், அந்த மிச்சம் சாதிக் கணக்குல போய் ஒட்டிக்கும். நிலம், சுவர், தரை, கழிப்பறை, சமையல் எரிபொருள் இதை மட்டும் வச்சுத் தனியா ஒரு குறியீடு போட்டு முடிவு மாறுதான்னு பாருங்க. டிவி, விசிறியை எடுத்துட்டு வி191-ஐத் திரும்பக் கட்டுறதும் கஷ்டமில்ல.

இதோட சேர்ந்த பெரிய தப்பு ஒண்ணு. ‘செல்வத்தைக் கட்டுப்படுத்தினதும் சாதியோட விளைவு மறைஞ்சிடுச்சு’ன்னு எழுதுறது. செல்வம் சாதிக்கு முன்னால வர்றதா, பின்னால வர்றதா? நிலமில்லாததும் கூலி வேலையும் சாதி வழியா வந்தது. அது இடைநிலைக் காரணி (சாதியோட விளைவு கடந்து வர்ற வழி), குழப்பக் காரணி (ரெண்டுக்கும் பின்னால நிக்கிற வேற காரணம்) இல்ல. அதை மாடல்ல போட்டா நீங்க கேட்கிற கேள்வியே மாறிடுது: ‘செல்வம் வழியா வராத மிச்சச் சாதி விளைவு எவ்வளவு?’ அதுவும் நல்ல கேள்விதான், அப்படிச் சொல்லிட்டுக் கேளுங்க. உடல் எடைக் குறியீடு, கீரை சாப்பிடுற அளவு, கர்ப்பகாலப் பரிசோதனை இதையெல்லாம் ‘எதுக்கும் இருக்கட்டும்’னு சேர்க்குறவங்க விளைவு வர்ற வழியையே அடைச்சுடுறாங்க.

அமெரிக்கத் தரவுல இது பளிச்சுன்னு தெரியும். 2007–16 கர்ப்பம் சார்ந்த இறப்பு: பட்டம் வாங்கின கறுப்பினப் பெண்ணோட விகிதம், பள்ளிப் படிப்பே முடிக்காத வெள்ளையினப் பெண்ணோடதைவிட 1.6 மடங்கு. படிப்பைக் ‘கட்டுப்படுத்தி’ ஒத்தை எண்ணாக் கொடுத்தா இது வெளிய வராது.

வேப்பமரம்

கட்டமே இல்லாதவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. என்.எஃப்.எச்.எஸ். வீடுகளில் எடுப்பது, விடுதிகள் மாதிரியில் இல்லை. திண்டுக்கல், திருப்பூர், கோவைப் பக்கத்து நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பதின்வயதுப் பெண்கள் ஆலையில் இருக்கும்வரை எந்தக் கட்டத்திலும் வரமாட்டார்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் குடும்பத்தோடு போனவர்கள் வீட்டுக்கதவு கணக்கெடுப்பு நாளில் பூட்டியிருக்கும். மைடா இவர்களுக்குச் சுருக்கிய மதிப்பீடுகூடத் தராது.

திட்டங்களும் இதே ஓட்டை வழியாகவே ஒழுகுகின்றன. இளம்பெண்களுக்கான வாராந்திர இரும்பு–ஃபோலிக் மாத்திரை (60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், நீல நிறம்) பள்ளி வழியாகப் போகிறது, பள்ளி செல்லாதவர்களுக்கு அங்கன்வாடி வழியாக. ஆலை விடுதியில் இருப்பவர் இரண்டிலும் இல்லை. கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள், என்பது விதி. ஆறு மாதம் சூளையில் இருப்பவருக்குச் சொந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் கையில் பாதிகூடப் போய்ச் சேராது. சாதி, தொழில், இடப்பெயர்வு மூன்றும் ஒரே பெண்ணில் சேரும் இடம் இது. ரிக்ரெஷனில் வராது, விநியோகப் பதிவேட்டையும் ஆலைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரும்.

அளவீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்.எஃப்.எச்.எஸ்.-5 விரல்நுனி ரத்தத்தை ஹீமோக்யூ என்ற கையடக்கக் கருவியில் பார்த்தது. முதல் துளியைத் துடைக்காவிட்டாலும், விரலை அழுத்திப் பிழிந்தாலும் திசுநீர் கலந்து அளவு தவறும். ரத்தம் எடுக்கும் சிறு தகட்டில் (குவெட்) காற்றுக்குமிழி இருந்தாலும் கெடும். உலகச் சுகாதார நிறுவனம் 2024 வழிகாட்டியில் சிரை ரத்தத்தைத்தான் பரிந்துரைக்கிறது. பிழை எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவென்றால் கட்டங்களின் வரிசை மாறாது. களக்குழுவுக்குக் களக்குழு மாறியிருந்தால், ஒரு குழு போன மாவட்டமும் ஒரு சமூகம் செறிந்த மாவட்டமும் ஒன்றாக அமைந்துவிட்டால், அதைச் சாதி விளைவென்று வாசித்துவிடுவோம். மாவட்டத்தை ஒரு தடவை உள்ளே போட்டுப் பாருங்கள்.

மருதம்

அப்படியானால் முடிவு அட்டவணையில் என்னென்ன இருக்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை

கட்டத்துக்கு ஒரு வரி. ஆள் எண்ணிக்கை, எடையிட்ட விகிதம், மாடல் கணிச்ச விகிதம், 95% இடைவெளி, கூட்டல் கணிப்பிலிருந்து எத்தனை புள்ளி விலகல். விகிதத்தால வரிசைப்படுத்துங்க, சாதி வரிசையில அடுக்காதீங்க. அப்பதான் ‘நடுவில்’ இருக்கிற எதிர்பாராத கட்டம் கண்ணுல படும். அடிப்படைக் குழுவா எப்பவும் வசதியான நகர்ப்புற முற்பட்டோரையே வைக்கணும்னு சட்டம் இல்ல. ரெரி போடுறதா இருந்தா மட்டும் அபாயம் மிகக் குறைஞ்ச கட்டத்தை அடிப்படையா வைக்கணும், இல்லன்னா குறி தலைகீழாகும். 25 பேருக்குக் கீழ உள்ள கட்டத்துக்கு டிஹெச்எஸ் (என்.எஃப்.எச்.எஸ். மாதிரி பல நாடுகள்ல நடக்குற ஆய்வு) அறிக்கைகள் எண்ணையே அச்சிடாது, 25–49-க்கு அடைப்புக்குறி போடும். அதே பழக்கத்தை வச்சுக்கங்க.

எதிர்க்கேள்வி

சேர்க்க ஒன்று. என்.எஃப்.எச்.எஸ்.-4-ஓடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் மாநிலக் குறியீட்டை (வி024) எண்ணாக நம்ப வேண்டாம். 4-இல் மாநிலங்கள் அகரவரிசையில் எண்ணிடப்பட்டவை, 5-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் குறியீடு, தமிழ்நாடு 33. பழைய நிரலை அப்படியே ஓட்டினால் வேறு மாநிலத்தின் சாதி அட்டவணை வந்து நிற்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. லேபிளைப் பார்த்து வடிகட்டுங்கள்.

அளவுகோலை முன்கூட்டியே எழுதிவைப்பது என்று வேப்பமரம் சொன்னதை நடைமுறையில் எத்தனை பேர் செய்கிறார்கள் என்ற சந்தேகம் மட்டும் எனக்கு அப்படியே இருக்கிறது.

வேப்பமரம்

குறைவுதான். மருதம், நீங்கள் தரவைத் தரவிறக்குவதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தில் ஒரு பத்தி போட்டுவிடுங்கள்: முதன்மை அளவுகோல் விகித வேறுபாடு, துணை அளவுகோல் ரிஸ்க் ரேஷியோ, 48 கட்டங்களின் பட்டியல், எந்தக் கட்டங்களை எந்தக் காரணத்துக்காகச் சேர்ப்பீர்கள், செல்வத்தை இடைநிலைக் காரணியாக நடத்துகிறீர்களா இல்லையா. தேதியோடு பொதுப் பதிவகத்தில் ஏற்றிவிட்டால் எதிர்க்கேள்வி போன்றவர்களுக்குப் பதில் சொல்ல அந்த இணைப்பே போதும்.